மென்பொருள் இலவசம், பராமரிப்பு?

1980-களில் இந்தியா கேட்ட சக்திவாய்ந்த ‘கிரே’ கம்ப்யூட்டரைத் தர அமெரிக்கா மறுத்தது. அதன் விளைவாக 1988-ல் புணேயில் ‘சி-டாக்’ நிறுவப்பட்டு, 1991-ல் ‘பரம் 8000’ உருவானது. அதன்பின் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. 1994-ல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் ஸ்டெர்லிங், பெக்கர் என்ற இருவர் 16 சாதாரண கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைத்து, ‘லினக்ஸ்’ என்ற இலவச மென்பொருளால் ஒரே எந்திரம்போல் இயங்கச் செய்தனர். இன்று உலகின் முதல் 500 அதிவேகக் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் இயங்குகின்றன.

ஆகவே, பணமில்லாத கல்லூரியும் பழைய கம்ப்யூட்டர்களைச் சேர்த்து ஓர் ‘கிளஸ்டர்’ அமைத்துக்கொள்ள முடியும். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வி. வேலைகளை வரிசைப்படுத்தி எந்திரங்களுக்குப் பங்கிட்டுத் தருவது ‘ஸ்லர்ம்’. ரயில்வே ரிசர்வேஷன் கவுண்டரில் இடம் ஒதுக்குவது போன்றதே இதன் பணி. எந்திரங்கள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள ‘எம்.பி.ஐ.’ முறை உள்ளது. இவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. எனவே விலையை வைத்துத் தரம் பார்ப்பதில் பயனில்லை.

முதலில் நோக்க வேண்டியது ஆயுள். நிறுவ எளிது என்று பெயர் பெற்ற ‘ராக்ஸ்’ மென்பொருளின் ஏழாம் பதிப்பு 2017-ல் வெளிவந்தது. அதற்கு அடித்தளமான ‘சென்ட் ஓ.எஸ். 7’-க்கான பராமரிப்பு 2024 ஜூன் 30-உடன் நின்றுவிட்டது. இன்று அதை நம்பிப் புதிதாகத் தொடங்குவது விவேகமன்று.

அடுத்தது வேலையின் தன்மை. தனித்தனியே செய்யக்கூடிய ஆயிரம் கணக்குகளுக்குச் சாதாரணக் கம்பி இணைப்பே போதும். வானிலைக் கணிப்பிலோ எந்திரங்கள் ஓயாமல் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பியாக வேண்டும். இணைப்பு மெதுவாயிருந்தால் எந்திரங்களைக் கூட்டியும் வேகம் கூடாது. சொந்த வேலையை நான்கு எந்திரங்களிலும் எட்டிலும் ஓட்டிப் பார்த்த பிறகே கொள்முதலில் இறங்க வேண்டும்.

மூன்றாவது, ஆள். 2015-ல் மத்திய அரசு 4,500 கோடி ரூபாயில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2022-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ‘பரம் பிரவேகா’ நிறுவப்பட்டது. அத்தகைய நிறுவனங்களில் நிபுணர்கள் இருப்பார்கள். சிறு கல்லூரியிலோ விவரமறிந்த ஒரே ஒருவர் வேலை மாறிப்போனால் எந்திரம் பூட்டிய அறையில் கிடக்கும். மின்கட்டணமும் செலவழித்த பணமும் வீணாகும்.

ஆகவே திட்டச் செலவில் எந்திரத்தின் விலையோடு, பராமரிப்பவரின் சம்பளத்தையும் பயிற்சியையும் சேர்த்தே எழுத வேண்டும். அதற்கு இடமில்லாத திட்டத்தை மலிவானது என்று சொல்வதற்கில்லை.