சுங்கானும் ஆய்வுப் பயிற்சியும்: பதம் சொல்லிக்கொடுத்தல் பற்றி

கையால் செய்யும் காரியத்தை எழுத்தால் கற்பிக்க இயலுமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் நாம் மிதிவண்டியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்லிவருகிறோம். மைக்கேல் பொலானி 1958இல் வெளியிட்ட ‘பெர்சனல் நாலெட்ஜ்’ நூலில் அதைக் கையாண்டார். சாயாமல் ஓட்டுகிறவருக்கு அந்தச் சமநிலையின் விதி தெரிந்திருப்பதில்லை. விதியைச் சொல்லிக்கொடுத்தாலும் புதியவர் விழாமல் இருக்கப்போவதில்லை. சொல்லில் அடங்காத இத்தகைய அறிவை ‘டேசிட் நாலெட்ஜ்’ என்பார்கள். இப்பதிவில் அதனை உள்ளுறை அறிவு என்று குறிக்கிறேன்.

மிதிவண்டி எடுத்துக்காட்டில் ஒரு குறை உண்டு. குறிப்பேட்டைப் படித்து மிதிவண்டி கற்பவர்கள் அரிது. ஆகையால் எழுத்து எவ்வளவு தூரம் துணைவரும், எந்த இடத்தில் கைவிடும் என்பதை அதைக்கொண்டு அளக்க முடியாது. கைப்பழக்கமும் எழுத்துக் குறிப்பும் நெடுங்காலம் சேர்ந்தே வளர்ந்த ஒரு வேலையை எடுத்துக்கொள்வதே பொருத்தம். அப்படியொன்று, சுங்கானில் புகையிலை நிரப்புவது. ‘பைப்’ என்று இன்று நாம் சொல்லும் புகைக்குழலுக்குரிய பழைய சொல் சுங்கான்.

புகைப்பதற்கான பரிந்துரை இதில் ஏதுமில்லை. சுங்கான் புகையைப் பெரும்பாலோர் நுரையீரல்வரை இழுப்பதில்லை என்றாலும் உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய்கள் அதனால் வருகின்றன. கல்வி நிறுவனங்களிலிருந்து 100 கெஜத் தொலைவுக்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்திருப்பது சரியே. என் அக்கறையெல்லாம் அந்தப் பழக்கத்தைச் சுற்றி ஐரோப்பாவில் உருவான கற்பித்தல் முறையின்மீதுதான்.

சுங்கானின் அமைப்பு எளியது. மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் பிரையர் என்னும் புதர்மரத்தின் வேர்முடிச்சில் ஒரு கிண்ணம் கடையப்பட்டிருக்கும். கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு துளை தண்டு வழியே வாய்வரை செல்லும். கிண்ணத்தில் புகையிலையை இட்டுப் பற்றவைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு இரண்டில் ஒன்றுதான் நேரும். இறுக்கி அடைத்தால் காற்று வராது; நெருப்பு அணைந்துகொண்டே இருக்கும். தளர்வாக இட்டால் விரைவாகவும் சூடாகவும் எரிந்து நாக்கைச் சுடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள நிலையை எந்த அளவுகோலும் காட்டுவதில்லை.

இதற்கு வழிவழியாக வந்த குறிப்பு இவ்வாறு அமைகிறது. முதலில் புகையிலையின் ஈரத்தைப் பார்க்க வேண்டும். ஒரு சிட்டிகையை விரல்களுக்கிடையே அழுத்தி விட்டால் அது கட்டியாகவே நிற்கக் கூடாது, நொறுங்கவும் கூடாது, மெல்ல விரிய வேண்டும். பிறகு மூன்று தவணையாக நிரப்ப வேண்டும். முதல் தவணையில் புகையிலையைத் தானாக விழவிட்டு விளிம்புவரை நிரப்பிக் குழந்தையின் கையால் அழுத்துவதுபோல் அழுத்தினால் அது பாதிக் கிண்ணத்துக்கு இறங்கும். மறுபடி விளிம்புவரை நிரப்பிப் பெண்ணின் கையால் அழுத்துவதுபோல் அழுத்த வேண்டும். மூன்றாவது முறை விளிம்புக்கு மேல் குவித்து ஆணின் கையால் அழுத்துவதுபோல் அழுத்தி, விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். அடியில் தளர்வும் மேலே இறுக்கமும் அமைவதால் காற்றுக்கு வழியும் கனலுக்குத் தொடர்ச்சியும் கிடைக்கின்றன.

குறிப்பு அதோடு முடிவதில்லை. பற்றவைக்கும் முன் வெறுமனே ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொல்கிறது. உறிஞ்சுகுழலில் நீர் பருகும்போது உணரும் அளவுக்கு மெல்லிய தடை இருந்தால் சரி. தடையே இல்லையென்றால் இன்னும் சிறிது அழுத்தலாம். கெட்டியான பானத்தை உறிஞ்சுவதுபோல் இருந்தால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். முதல் தீக்குச்சியின் நெருப்பு மேற்பரப்பைக் கருக்குவதற்கு மட்டுமே. அப்போது புகையிலை பொங்கி எழும். அதை மெல்ல அழுத்திச் சமன்செய்தபின் இரண்டாவது முறை வைக்கும் நெருப்பே நிலைக்கும். இடையில் அணைந்தால் மறுபடி பற்றவைப்பது இயல்பானது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதும் அந்தக் குறிப்பின் ஒரு பகுதி.

இவ்வளவு நுணுக்கம் ஏன் வேண்டியிருக்கிறது என்பதைப் பொறியியல் மாணவர்கள் எளிதில் விளக்குவார்கள். துகள்கள் நிறைந்த படுகையில் காற்று செல்வதைப் பற்றிய கோசெனி–கார்மன் சமன்பாட்டின்படி, காற்றுக்கு வழிவிடும் திறன் இடைவெளி விகிதத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும், திடப்பொருள் விகிதத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. இடைவெளி 80 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடாகக் குறைந்தால் வழிவிடும் திறன் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். புகையிலை இழைகளுக்கு இச்சமன்பாடு தோராயமாகவே பொருந்தும். எனினும் போக்கு இதுதான்: விரலுக்குச் சிறிதாகத் தெரியும் மாற்றம் காற்றுக்கு மிகப் பெரிது. ஆகவே எவ்வளவு அழுத்துகிறோம் என்று விரலைக் கேட்பதைவிட எவ்வளவு தடை இருக்கிறது என்று மூச்சைக் கேட்பது நம்பகமானது. இழுத்துப் பார்க்கச் சொன்னவர்கள் இச்சமன்பாட்டை அறிந்து சொல்லவில்லை. ஆனால் சோதனையைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

கைத்திறனின் பங்கு எவ்வளவு என்பதற்கு, மெதுவாகப் புகைக்கும் பன்னாட்டுப் போட்டிகள் சான்று. போட்டியாளர் அனைவருக்கும் ஒரே புகையிலை 3 கிராம், தீக்குச்சி இரண்டு. அணையாமல் நெடுநேரம் காப்பவரே வெற்றி பெறுகிறார். அந்த 3 கிராமைக் கொண்டு மூன்று மணி நேரத்தைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். பொருள் ஒன்றாக இருக்கும்போது வேறுபாடு நிரப்பும் முறையிலும் மூச்சின் ஒழுங்கிலுமே இருக்க முடியும்.

இந்தக் குறிப்பைப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும் என்பதே என் கருத்து. அதில் நான்கு கூறுகள் உள்ளன: செய்ய வேண்டியது, அதற்கான காரணம், சரியாக அமைந்ததா என்று தானே அறியும் சோதனை, அமையாவிட்டால் திருத்தும் வழி. கடைசி இரண்டும்தான் அதைப் பயனுள்ளதாக்குகின்றன. ‘நடுத்தரமாக அழுத்துக’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது உண்மையாகவும் பயனற்றதாகவும் இருந்திருக்கும்.

தமிழில் இதற்குப் ‘பதம்’ என்ற சொல் இருக்கிறது. வெல்லப்பாகு காய்ச்சுபவர் வெப்பமானியைப் பார்ப்பதில்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, கரையாமல் விரலால் உருட்ட வருகிறதா என்று பார்க்கிறார். பதம் என்பது விளக்க இயலாத மந்திரம் அன்று. அது ஒரு சோதனையின் பெயர். சோதனையைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

நம் ஆய்வுப் பயிற்சியில் இந்தச் சோதனைகள் காணக் கிடைப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்ட மாணவருக்குக் குறைந்தது 12 மதிப்பலகு வகுப்புப் பாடத்தை வரையறுக்கின்றன. அவ்வகுப்புகளில் ஆய்வு வகைகள், கூறெடுப்பு முறைகள், மேற்கோள் நடைகள் ஆகியவற்றின் வரையறைகள் கற்பிக்கப்படுகின்றன. முன்னாய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுவது எப்படி, நேர்காணலில் எப்போது மௌனமாக இருப்பது, ஆய்வுக் கேள்வி போதிய அளவு குறுகிவிட்டது என்பதை எவ்வாறு அறிவது என்று மாணவர் கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: செய்யச் செய்ய வந்துவிடும். இவ்விடைக்கு உள்ளுறை அறிவு என்ற கோட்பாடு ஒரு கௌரவமான போர்வையாகிவிட்டது.

அந்தக் கோட்பாட்டின் வரலாறே இதை ஏற்பதில்லை. ஹாரி காலின்ஸ் 1974இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, கனடாவில் உருவான ஒரு வகை லேசரைப் பிரித்தானிய ஆய்வகங்கள் செய்ய முயன்றதைப் பற்றியது. வெளியான கட்டுரைகளை மட்டும் நம்பி அதை இயங்கவைத்தவர் எவரும் இல்லை; ஏற்கெனவே செய்தவருடன் நேர்த்தொடர்பு வைத்திருந்தவர்களே வென்றார்கள் என்று அவர் காட்டினார். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு எழுத்தால் ஆவது ஒன்றுமில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த லேசரில் விடுபட்டிருந்தவற்றுள் ஒன்று, மின்தேக்கியிலிருந்து மின்முனைக்குச் செல்லும் கம்பி நீளம் குறைந்ததாக இருக்க வேண்டும் என்பது. அது சொல்லில் அடங்காத மறைபொருள் அன்று. முக்கியம் என்று தெரிந்தபின் ஒரே வரியில் சொல்லிவிடலாம். 2010இல் எழுதிய நூலில் காலின்ஸே உள்ளுறை அறிவை மூன்றாகப் பிரிக்கிறார். உடலோடு ஒட்டியது ஒன்று. சமூகத்தில் வாழ்ந்தே பெற வேண்டியது ஒன்று. சொல்லக்கூடியதாக இருந்தும் யாரும் சொல்லாததால் மறைந்திருப்பது மற்றொன்று. நம் துறைகளில் ‘அனுபவத்தால் வருவது’ என்று ஒதுக்கப்படுவதில் பெரும்பங்கு இந்த மூன்றாவது வகையைச் சேர்ந்தது என்று நான் நினைக்கிறேன்.

இதனால் யாருக்கு இழப்பு என்பதையும் பேசியாக வேண்டும். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கும் பெருநகரக் கல்லூரியிலிருந்து நண்பர் கூட்டத்தோடு வருபவருக்கும் சொல்லப்படாத பகுதி சாப்பாட்டு மேசையிலும் தேநீர்க் கடையிலும் கிடைத்துவிடுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, மொழி தெரியாத மாநிலத்தில் விடுதி அறையில் அமர்ந்திருக்கும் மாணவருக்கு எழுத்தில் உள்ளது மட்டுமே கிடைக்கிறது. அதே விதிமுறைகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு மாணவர்வரை வழிகாட்டலாம். எட்டுப் பேருடன் பக்கத்தில் அமர்ந்து பழகும் நேரம் எந்த நல்ல ஆசிரியரிடமும் இராது. அந்நிலையில் சொல்ல முடிந்ததைச் சொல்லாமல் விடுவது, எஞ்சியதை ஏற்கெனவே உடையவர்களுக்கே கொடுப்பதாகும்.

சொல்ல முடியும் என்பதற்கு இரண்டு மாதிரிகள் தருகிறேன். முன்னாய்வுகளைப் பற்றிய இயலில் ஆசிரியர் பெயர்களையெல்லாம் அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஒரு வாதம் தொடர்ந்து ஓடினால் சரி; உதிரி வாக்கியங்களாகச் சிதறினால் அது பட்டியலாகத்தான் இருந்திருக்கிறது; இயலை ஆசிரியர்வாரியாக அன்றிக் கேள்விவாரியாக மறுபடி அடுக்குங்கள். நேர்காணலின் எழுத்துப்படியில் உங்கள் கேள்விகள் விடைகளைவிட நீளமாக இருந்தால் இறுக்கி அழுத்திவிட்டீர்கள். அடுத்த நேர்காணலில் கேள்விகளைப் பாதியாகக் குறையுங்கள். இவை முழுமையான விதிகள் அல்ல. ஆனால் மாணவர் யாருடைய முகத்தையும் பாராமல், நள்ளிரவில் தனியாக, தம் வேலையைத் தாமே சோதித்துக்கொள்ள இவை போதும்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். ஆய்வு என்பது சமையற்குறிப்பு அன்று. சோதனைகளைப் பட்டியலிட்டால் மாணவர்கள் அவற்றையே இலக்காகக் கொண்டு இயந்திரத்தனமாக எழுதுவார்கள் என்பது அது. இந்த அச்சத்தில் உண்மை உண்டு. பெயர்களை அடித்துப் பார்க்கும் சோதனையில் தேறிய இயல் உயிரற்றதாகவும் இருக்கலாம். எனினும் இழுத்துப் பார்க்கச் சொன்ன குறிப்பால் எவரும் போட்டியாளர் ஆகிவிடவில்லை. முதல் நாளே நாக்கைச் சுட்டுக்கொண்டு விலகாமல் தொடர்ந்து பழக முடிந்தது. ஆசிரியருடன் பழகிப் பெற வேண்டியதை எழுத்தால் ஈடுசெய்ய முடியாது. அந்தப் பழக்கத்துக்குக் கிடைக்கும் சொற்ப நேரத்தை எழுத்தால் மிச்சப்படுத்த முடியும். சோதனை கையில் இருக்கும் மாணவர் ‘சரியாக இருக்கிறதா’ என்று கேட்க மாட்டார்; ‘இந்த இடத்தில் ஏன் சிதறுகிறது’ என்று கேட்பார். இரண்டாவது கேள்விக்கே ஆசிரியரின் அனுபவம் பயன்படும்.

சுங்கான் குறிப்பிலும் குறை இல்லாமல் இல்லை. குழந்தை, பெண், ஆண் என்ற வரிசை யாருக்காக எழுதப்பட்டது என்பது வெளிப்படை. கற்பவர் ஆணே என்று அது முடிவு செய்துவிட்டது. வன்மையின் படிநிலையைப் பாலின் படிநிலையாகவும் ஆக்கிவிட்டது. எந்தக் குறிப்பும் தன் வாசகரை முன்கூட்டியே கற்பனை செய்துகொள்கிறது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் எழுதப்பட்டதால்தான் இதை நாம் காணவும் கண்டிக்கவும் மாற்றவும் முடிகிறது. எழுதப்படாமல் அறைக்குள்ளேயே கைமாறும் குறிப்பு யாரை விலக்குகிறது என்று கேட்பதற்குக்கூட வழியில்லை.

ஆகவே என் கோரிக்கை சிறியது. ஆய்வு வழிகாட்டிகள் ஒவ்வொருவரும் தம் துறையில் ‘அனுபவத்தால் வரும்’ என்று சொல்லிக் கடந்துபோகும் ஒரே ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டு, அது சரியாக அமைந்ததைத் தாம் எதைக்கொண்டு அறிகிறோம், அமையாதபோது முதலில் எதை மாற்றுகிறோம் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். மூத்த ஆய்வாளர்களும் எழுதலாம். கற்றுக்கொண்டது அண்மையில் என்பதால் தடுமாறிய இடங்கள் நமக்கு இன்னும் நினைவிலிருக்கும். ஒரு துறையில் பத்துப் பேர் எழுதினால் அடுத்த ஆண்டு வரும் மாணவருக்குப் பத்துப் பக்கம் கிடைக்கும். உங்கள் துறையின் ‘பதம்’ எது என்று நண்பர்கள் இங்கே எழுதினால், தொகுத்து எல்லோருக்கும் கிடைக்கச் செய்யும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.