கொலஸ்ட்ராலுக்கும் வாரிசு உண்டு

ஒருவர் இறந்துபோனால் வாரிசுச் சான்றிதழுக்கு மனைவி, மகன், மகள் என்று ஒருவர் விடாமல் எழுதுகிறோம். குமாஸ்தாவாக இருந்தவன் கேட்கிறேன்: சொத்துக்கு இருக்கும் இந்த ஒழுங்கு நோய்க்கு ஏன் இல்லை?

42 வயதில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால், ஆட்டுக்கறி, எண்ணெய்ப் பலகாரம், டென்ஷன் என்று காரணம் சொல்லி முடித்துவிடுகிறோம். பரம்பரைக் கொலஸ்ட்ரால் என்று ஒன்று உண்டு. எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பைக் கல்லீரல் சரியாக எடுக்காத மரபணுக் குறை அது. பிறந்ததிலிருந்தே கொழுப்பு ஏறி நிற்கும். சைவமானாலும் ஒல்லியானாலும் விடாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்துக்குள் கட்டி, இருவருக்குமே இருந்துவிட்டால், சில பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே இதய நோய்.

உலக அளவில் 250 முதல் 300 பேருக்கு ஒருவர் என்கிறார்கள். கோவை மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே 34 லட்சம் பேர். அப்படியானால் இங்கே மட்டும் 10,000 பேருக்குக் குறையாது.

2021-இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. 2023-இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், நெஞ்சுவலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் தருகிறார்கள். இரண்டும் நல்ல திட்டங்கள்தான். ஆனால் அந்த மூன்றாவது, கொலஸ்ட்ரால் மாத்திரை. இந்தக் குறை உள்ளவருக்கு அது 20 வருஷம் முன்பே போயிருக்க வேண்டும்!

எல்லோருக்கும் பரிசோதனை செய்யப் பணம் எங்கே என்பார்கள். ஸ்லோவேனியா என்ற சின்ன நாடு 1995 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குச் செய்கிறது. நான் அவ்வளவு கேட்கவில்லை. குடும்ப டாக்டர் ஒரு கேள்வி கேட்கட்டும்: “உங்கள் வீட்டில் 55 வயதுக்குள் ஆணுக்கோ, 60 வயதுக்குள் பெண்ணுக்கோ மாரடைப்பு வந்ததா?” குதிகால் நரம்பு தடித்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கட்டும். எல்டிஎல் 190-க்கு மேல் போனால், “அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள்” என்று சீட்டிலேயே எழுதட்டும். இந்திய இதயவியல் சங்கமும் 2024-இல், 18 வயதில் முதல் பரிசோதனை, குடும்பத்தில் இருந்தால் அதற்கும் முன்பே என்று சொல்லிவிட்டது.

பெண் பார்க்கும்போது கூட்டம், குலதெய்வம், நாலு தலைமுறை விசாரிக்கிற ஊர் இது. கிளினிக்கில் ஒரு தலைமுறை விசாரிக்கக் கூடாதா? டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.