கப்பல் நிற்காத ஊர்

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து புதுச்சேரி பக்கம்தான், பஸ்ஸிலேயே போய்விடலாம். ஆனால் கப்பலில் போய் அங்கே இறங்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. ரிட்டயர்மென்ட் பணத்தில் கொஞ்சம் எடுத்து டிக்கெட் போட்டார் அந்த முன்னாள் என்.எல்.சி. ஊழியர். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய கார்டிலியா கப்பல், விசாகப்பட்டினம் போய்விட்டுப் புதுச்சேரிக்கு வந்தது. கப்பலில் சூதாட்டம் உண்டு என்று எதிர்ப்பு கிளம்ப, அனுமதி கிடைக்கவில்லை. யாரும் இறங்காமலேயே திரும்பியது.

அதன் பிறகும் மூன்று கப்பல் ஏறிவிட்டார். கேட்பவர்களுக்கு அவர் சொல்வது இதுதான்: "எந்த ஊர்ல நிக்கும்னு பார்த்து டிக்கெட் போடாதீங்க. காத்து, அலை, அனுமதின்னு எதுல வேணா மாறும். கப்பல்ல இருக்கிறதே பிடிச்சா மட்டும் ஏறுங்க."

குமட்டல் பயம் உள்ளவர்களுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதி அறை நல்லது, ஆட்டம் குறைவு. பால்கனிக்குக் கூடுதல் பணம் வீண் என்பது அவர் கட்சி (வீட்டம்மா ஒப்புக்கொள்வதில்லை). கரை மறைந்ததும் போனை ஃப்ளைட் மோடில் போடாவிட்டால் பில் எகிறிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக்கடல் பக்கமே வேண்டாம், புயல் காலம்.

திரும்பி வந்த வாரமே மனைவியை பஸ்ஸில் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய், பீச்சில் சுண்டல் வாங்கிக் கொடுத்தாராம். "இது கப்பல்ல வந்து இறங்கின மாதிரி ஆகுமா?" என்று இன்றைக்கும் கேட்கிறார் அம்மா.