வாரா ஐயக்கடனும் 465 கிலோமீட்டரும்

2021 மார்ச்சில் டெல்லியில் ஒரு கூத்து நடந்தது. டாடா நெக்ஸான் எலக்ட்ரிக் கார் வாங்கிய ஒருவர், 'ஒரு தடவை சார்ஜ் போட்டால் 312 கி.மீ. என்றார்கள், 200கூடத் தாண்டவில்லை' என்று புகார் கொடுக்க, டெல்லி அரசு அந்தக் காருக்கான மானியத்தையே நிறுத்தி வைத்தது. கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போய் அதே மாதத்தில் அந்த உத்தரவுக்குத் தடை வாங்கிவிட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேரில் யாருமே பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. 312 என்பது ஏ.ஆர்.ஏ.ஐ. சான்றிதழ் கொடுத்த எண். 200 என்பது ரோடு கொடுத்த எண்.

அந்தச் சான்றிதழ் எப்படி வருகிறது என்று பார்த்தால் சிரிப்புதான் வரும். காரை உருளைகள் மேல் நிறுத்தி, ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஒரு அட்டவணைப்படி ஓட்டுகிறார்கள். அட்டவணையின் முதல் பகுதியில் உச்ச வேகமே 50 கி.மீ.தான். இரண்டாம் பகுதியில் 90. எலக்ட்ரிக் கார்களுக்கு ரொம்ப நாள் முதல் பகுதியின் எண்ணை மட்டும் விளம்பரத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள்! 2024-ல்தான் இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த வருடம் வந்த கர்வ் எலக்ட்ரிக் காரின் பெரிய பேட்டரி மாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதிப்படி 585. இரண்டும் சேர்த்தால் 502. வாங்குபவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடைக்கும் என்று டாடாவே தனியாகச் சொல்லும் எண் 400 முதல் 425 வரை. ஒரே கார், ஒரே பேட்டரி, மூன்று எண்கள். (கடைசி எண்ணைத் தானாக முன்வந்து சொன்னதற்கு டாடாவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பெரிய எழுத்தில் எதைப் போடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் :-)

ப்ளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'வாரா ஐயக்கடன் ஒதுக்கு' ஞாபகம் இருக்கும். கடனாளிகள் ஒரு லட்சம் தர வேண்டும் என்றால் முழு லட்சத்தையும் சொத்தாகக் காட்டக் கூடாது. வராமல் போகக்கூடியதை முன்னாலேயே கழித்துவிட வேண்டும். அமெரிக்காவில் இ.பி.ஏ. செய்வது கிட்டத்தட்ட இதேதான். ஆய்வகத்தில் வந்த எண்ணைப் பொதுவாக 0.7-ஆல் பெருக்கித்தான் ஸ்டிக்கரில் ஒட்டச் சொல்கிறது. நம் ஊரில் கழிவே கிடையாது, முழு லட்சமும் சொத்து! ஆடிட்டிங் பேப்பரில் இதற்கு வின்டோ டிரஸ்ஸிங் என்று பெயர்.

பெட்ரோல் காரும்தான் சொன்ன மைலேஜ் தருவதில்லை, அப்போதெல்லாம் யார் கேட்டார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே மைலேஜ் குறைந்தால் பணம்தான் போகும், பங்க் அடுத்த ஊரிலேயே இருக்கிறது. இங்கே போவது நேரம்.

அதோடு, இந்தக் காரின் 'டேங்க்' எவ்வளவு சின்னது என்பது பலருக்குத் தெரியாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 2023-ல் வந்த நெக்ஸானின் 40.5 யூனிட் பேட்டரி என்பது நாலரை லிட்டர் பெட்ரோல், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இருநூற்றுச் சொச்சம் கி.மீ. ஓடுகிறது என்றால் அதன் சிக்கனத்துக்குக் கும்பிடு போடலாம். பெட்ரோல் என்ஜின் முக்கால் பங்கு ஆற்றலைச் சூடாக வீணடிப்பதால் கூடுதல் செலவு அதில் பெரிதாகத் தெரிவதில்லை. எலக்ட்ரிக்கில் வீண் குறைவு, அதனால் ஒவ்வொரு செலவும் பளிச்சென்று தெரிகிறது. முக்கியமாகக் காற்று. 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். ஊருக்குள் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும். பைபாஸில் அதுவும் கிடையாது.

இதே நெக்ஸானுக்குச் சொன்ன எண் 465. சென்னையிலிருந்து திருச்சி சுமார் 330 கி.மீ. நிற்காமல் போய்விடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். 100-ல் ஓட்டினால் கி.மீ.க்கு 0.17 யூனிட் என்று வையுங்கள், மொத்தமே 240தான். பத்து சதவீதம் மிச்சம் வைத்தால் 215. அதாவது உளுந்தூர்பேட்டை பக்கம் சார்ஜர் தேட வேண்டும், அது வேலை செய்ய வேண்டும், வரிசையில் ஆள் இருக்கக் கூடாது.

காசுக் கணக்கும் அப்படியே மாறுகிறது. வீட்டில் யூனிட் 8 ரூபாய் என்று வைத்து, சார்ஜ் ஏறும்போது வீணாகும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் ஊருக்குள் கி.மீ.க்கு ஒன்றேகால் ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100, ஊருக்குள் மைலேஜ் 13 என்றால் ஏழு ரூபாய்க்கு மேல். ஆனால் ஹைவே சார்ஜரில் வரியோடு யூனிட் 24 என்றால் கி.மீ.க்கு நாலு ரூபாய், அங்கே 18 மைலேஜ் தரும் பெட்ரோல் கார் ஐந்தரை ரூபாய். லாபம் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் ஷோரூமில் சொன்ன லாபம் இல்லை.

என்னைக் கேட்டால் விளம்பரத்தில் ஒரே ஒரு எண்ணைக் கட்டாயமாக்கினால் போதும்: ஏ.சி. போட்டு, நாலு பேர் உட்கார்ந்து, 100-ல் போனால் எவ்வளவு? தினமும் 50 கி.மீ. ஆபீஸ் போய் வந்து வீட்டில் சார்ஜ் போடுகிறவர் அந்த எண் 240 என்று தெரிந்தாலும் வாங்கத்தான் செய்வார். மாதம் நாலு தடவை திருச்சி போகிறவர் யோசிப்பார், யோசிக்கட்டுமே.