சர்க்கரை இல்லாத புண்

கால் புண் ஆறவில்லை என்றால் சர்க்கரையைப் பார், நரம்புச் சுருட்டலைப் பார்; பரம்பரைக் காரணம் தேடுவது வீண் செலவு என்கிறார் ஒரு கட்டுரையாளர். முதல் பாதி சரி. பெரும்பாலான புண்களுக்கு அவைதான் காரணம். ஆனால் இருபது வயதில், சர்க்கரையே இல்லாமல், கணுக்காலில் திரும்பத் திரும்ப வெடிக்கும் புண்ணுக்கு? அரிவாள் செல் சோகைக்கு அது வழக்கமான இடம். நீலகிரிப் பழங்குடியினரிடம் அந்தப் பரம்பரை நோயின் கூறு 1952இலேயே கண்டறியப்பட்டது. அதைச் சந்தேகிக்க மலிவான ரத்தப் பரிசோதனை போதும்.

ஆறாத கால் புண்ணைத் தரும் இன்னொரு பரம்பரை நோயான புரோலிடேஸ் குறைபாடு மிக அரிது. கொலாஜன் சிதையும்போது மிஞ்சும் துணுக்குகளை உடைக்கும் நொதி அதில் வேலை செய்யாது. துணுக்குகள் சிறுநீரில் கொட்டும். முதல் துப்பு அங்கேயே கிடைத்துவிடும்.

"கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்ற அவரது ஏளனம்தான் பழசாகிவிட்டது. 2015இல் ஜெர்மனியின் போஹும் நகரில், பரம்பரைக் கொப்புள நோயால் தோல் உரிந்து சாகக் கிடந்த 7 வயதுச் சிறுவனின் செல்களிலேயே பழுதான மரபணுவுக்கு மாற்றைச் செலுத்தி, தோல் வளர்த்து, உடலில் சுமார் 80 விழுக்காட்டைப் போர்த்தினார்கள். 2023இல் இன்னொரு வகைக் கொப்புள நோய்க்கு, மரபணுவைச் சுமக்கும் ஜெல்லை அமெரிக்கா அனுமதித்தது. புண்ணின் மேலேயே தடவலாம். விலை மயக்கம் தரும்; அவர் அதைக் கண்டித்து எழுதியிருந்தால் நானும் கூடச் சேர்ந்து கத்தியிருப்பேன்.