எண்ணெய் தலையோடு நிற்கும், மாத்திரை?

மாணவ நண்பர்களே, சாரல் காலத்தில் ஐந்தருவிக்குப் போயிருக்கிறீர்களா? வழியெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட அழைப்பார்கள். முடி வளரும் என்று சொல்லி மூலிகை எண்ணெயும் விற்பார்கள். அதனால் வழுக்கையில் முடி முளைக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அந்த எண்ணெய் பெரும்பாலும் தலையோடு நின்றுவிடும். பாதி அருவி நீரோடு போய்விடும். என் கவலையெல்லாம் மாத்திரையைப் பற்றியது. அண்ணன் வாங்கி வைத்த முடி மாத்திரையில் ஒன்றை நாமும் விழுங்கினால் என்ன என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம்.

விழுங்கிய மாத்திரைக்குத் தலை எது, கால் எது என்று தெரியாது. குருதியில் கலந்து உடம்பெங்கும் போகும். மினாக்சிடில் என்ற மருந்தைப் பாருங்கள். இரத்தக் குழாய்களை விரித்து, உயர் இரத்த அழுத்தத்தைக் குறைக்க வந்த மாத்திரை அது. அமெரிக்காவில் 1979இல் அனுமதி பெற்றது. உண்டவர்களுக்கு முகத்திலும் கைகளிலும் முடி வளர்ந்தது! அந்தப் பக்கவிளைவையே பயனாக்கி, தலையில் தடவும் மருந்தாக அதற்கு 1988இல் அனுமதி தந்தார்கள். இன்று மருத்துவர்கள் சிலர் குறைந்த அளவில் மாத்திரையாகவும் தருகிறார்கள். கால் வீக்கமும் படபடப்பும் வரக்கூடும் என்பதால் கண்காணித்தே தருகிறார்கள்.

கண்காணிப்பு இல்லாமல் வயிற்றுக்குள் போனால்? 2019இல் ஸ்பெயின் நாட்டில், வயிற்று அமிலத்தைத் தணிக்கும் மருந்தில் தவறுதலாக மினாக்சிடில் சேர்ந்துவிட்டது. அதைக் குடித்த குழந்தைகளுக்கு நெற்றி, கன்னம், கை, கால் எல்லாம் முடி! மருந்தை நிறுத்திய பிறகே உதிரத் தொடங்கியது.

மற்றொன்று ஃபினாஸ்டெரைடு. ஆண் ஹார்மோன் ஒன்றின் மாற்றத்தைத் தடுத்து வேலை செய்கிறது. ஹார்மோன்களால் உடல் வளர்ந்துகொண்டிருக்கும் வயது உங்களுடையது. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இது உரியதே அன்று. கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. இதனால் சிலருக்குத் தற்கொலை எண்ணம் எழக்கூடும் என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2025இல் உறுதிசெய்தது. பெரியவர்களுக்குப் பயன் தரும் மருந்துதான், அதை மறுக்கவில்லை. கடையில் கேட்டு வாங்கும் மிட்டாய் அன்று என்கிறேன்.

உங்கள் வயதில் முடி கொட்டுவதற்கு வேறு காரணங்கள் உண்டு. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பில் கொத்தாக வரும். பெரும்பாலும் தானே திரும்ப வளரும். இரும்புச்சத்துக் குறைவாலும் கொட்டும். தோல் மருத்துவரிடம் போகும்போது கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.