முதல்ல மல்டிமீட்டர், அப்புறம் ஸ்கேனர்

டேஷ்போர்டில் அந்த மஞ்சள் எஞ்சின் லைட் பத்தினதும் நம்ம பக்கத்துப் பசங்க செய்யிறது ரெண்டுல ஒண்ணு. பார்க்காத மாதிரி ஓட்டுறது. இல்லாட்டி கராஜுக்குப் போய், "பாஸ், கொஞ்சம் பாருங்க" என்று சாவியைக் கொடுத்துட்டு ஓரமா நிக்கிறது. இப்படி நின்னா, பில் எவ்வளவு வரும் என்பது கடைசி நிமிஷம் வரைக்கும் தெரியாது. அதனாலதான் சில ஆயிரம் ரூபாவுக்குக் கிடைக்கிற சின்ன ஸ்கேனர் எல்லாருக்கும் ஆசை காட்டுது. அதை வாங்கலாம் என்பதுதான் என் கருத்து. ஆனா எல்லாரும் வாங்கத் தேவையில்ல. எதுக்கு வாங்குறோம் என்று தெரியாம வாங்கினா, அது அலுமாரியில் தூங்கும் இன்னொரு சாமான்.

இது ஏன் இப்போ பேச வேண்டிய விஷயம்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினாங்க. தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட அஞ்சு வருஷமும் ரோட்டில் ஓடியது பழைய வாகனங்கள்தான். வயசு கூடக் கூட பழுதும் கூடும். ருவான்வெல்லை, கரவனெல்ல, யட்டியாந்தோட்டைப் பக்கம் தோட்டத்து வீடுகளில் ஒரு கார் நிக்குதுன்னா, அது பெரும்பாலும் ஹயர் ஓடிக் குடும்பத்தைப் பார்க்கிற கார். மாசா மாசம் லீசிங் கட்டுற கார். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. தேவையில்லாத ஒரு சென்சரைப் பஞ்சிகாவத்தையில் வாங்கி மாத்தினா, அம்மாவின் எத்தனை நாள் உழைப்பு போகுது என்று நீங்களே கணக்குப் போடுங்க.

முதல்ல ஒரு விஷயம். உங்ககிட்ட இருக்கிறது கார்புரேட்டர் போட்ட பழைய த்ரீவீலரா? அப்போ ஸ்கேனரை மறந்துடுங்க. அதில் பேசுறதுக்குக் கம்ப்யூட்டரே இல்ல. அந்தக் காசில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்க. கார் வச்சிருக்கிறவங்களுக்கும் இதையேதான் சொல்லுவேன். ராத்திரி முழுக்க நிறுத்தி வச்ச வாகனத்தில், காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி பட்டரியை அளந்தா 12.6 வோல்ட் அளவில் இருக்கணும். 12க்குக் கீழே போனா பட்டரி கிட்டத்தட்ட காலி. எஞ்சின் ஓடும்போது சாதாரணமா 13.8க்கும் 14.5க்கும் இடையில் காட்டணும். காட்டாட்டி ஆல்டர்னேட்டர் பக்கம் பார்க்கணும். (சில புதிய வாகனங்கள் சார்ஜைத் தானே கூட்டிக் குறைக்கும், அதையும் மனசுல வைங்க.) பட்டரி பலவீனமா இருந்தாலோ, எர்த் வயர் துருப்பிடிச்சிருந்தாலோ, நல்லா இருக்கிற சென்சர் மேலேயும் ஸ்கேனர் பழி போடும். வோல்ட் பார்க்காம கோட் பார்க்கிறது, காய்ச்சல் பார்க்காம மருந்து எழுதுற மாதிரி.

சரி, ஸ்கேனர் விஷயத்துக்கு வருவோம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் உள்ள ஒரு சொக்கெட் இருக்கும். ஓபிடி-2 என்று சொல்லுறது அதைத்தான். அமெரிக்கா 1996இல் எல்லாக் கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு 2001இல் வந்தது. நம்ம ரோட்டில் ஓடுற கார்களில் பெரும்பகுதி ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செஞ்சவை. அதனால சொக்கெட் இருக்கிறதாலேயே மலிவான ஸ்கேனர் எல்லாம் பேசும் என்று சொல்ல முடியாது. பழைய ஜப்பான் கார்கள் சிலது பொது மொழியில் பதில் சொல்லாது. ஆகவே முதல் விதி: உங்க வாகனத்திலேயே மாட்டிப் பார்த்துட்டுக் காசு கொடுங்க. ஒன்லைன்ல வாங்கினா, திருப்பி எடுப்பாங்களா என்று முதல்லயே கேளுங்க.

சந்தையில் இருக்கிறதை மூணு வகையாப் பிரிக்கலாம். முதலாவது, ஃபோனோட சேர்கிற சின்னக் கட்டை. ஈஎல்எம் 327 என்ற பேரில் வரும். இந்தச் சிப்பைச் செஞ்சது கனடாவின் எல்ம் இலெக்ட்ரோனிக்ஸ். முதல் பதிப்பில் கொப்பி அடிக்கிறதுக்குத் தடை வைக்காததால உலகம் முழுக்க நகல்கள் பெருகிருச்சு. அந்தக் கம்பனியே 2022இல் மூடிட்டாங்க. இப்போ நீங்க மலிவா வாங்குறது எல்லாம் அநேகமா நகல்தான். பெட்டியில் அடிச்சிருக்கிற வெர்ஷன் இலக்கத்தை நம்பாதீங்க. கோட் படிக்க நகலே போதும், ஆனா சிலது பாதியில் தொடர்பை விட்டுடும். ஐஃபோன்காரங்க ஒண்ணைக் கவனிக்கணும்: சாதாரண புளூடூத் கட்டை வேலை செய்யாது, வைஃபை அல்லது புளூடூத் எல்ஈ உள்ளதுதான் வேணும். ஆப்பில் டோர்க், கார் ஸ்கேனர் ரெண்டும் ஆரம்பத்துக்குப் போதும்.

ரெண்டாவது, தனித் திரையோட கையில் பிடிக்கிற ரீடர். ஓட்டல், லோஞ்ச், அன்செல் மாதிரிக் கம்பனிகள் செய்யுது. ஃபோன் சார்ஜ் இல்லாட்டியும் வேலை செய்யும், தொடர்பு அறுந்துபோற தொல்லையும் குறைவு. மூணாவது, ஏபிஎஸ், எயார்பேக் எல்லாம் படிக்கிற விலை கூடினது. அது கராஜ் வச்சிருக்கிறவங்களுக்கு. ஒரே காரை வச்சிருக்கிற ஒருத்தருக்கு அது வீண் செலவு.

எந்த வகையை எடுத்தாலும் நான் பார்க்கச் சொல்லுறது ஒரே ஒரு வசதி: ஓடும்போது வர்ற லைவ் டேட்டா தெரியணும். கோட் மட்டும் படிச்சு அழிக்கிற கருவி பாதிக் கருவிதான். ஒரு உதாரணம். பி 0171 என்று கோட் வருது. எஞ்சினுக்குள்ள காத்து கூட, பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். "ஒக்சிஜன் சென்சர் போயிருச்சு, மாத்து" என்று யாராவது சொல்லுவாங்க. பல நேரம் அந்தச் சென்சர் உண்மையைச் சொன்ன சாட்சி, குற்றவாளி வேற ஆள். இங்கே 'ஃபியூல் ட்ரிம்' என்ற எண்ணைப் பாருங்க. கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை வீதம் கூட்டிக் குறைச்சு ஊத்துது என்பதுதான் அது. பூச்சியத்தை ஒட்டி இருக்கணும். 10ஐத் தாண்டி நின்னா சந்தேகப்படணும். வண்டி சும்மா நிக்கும்போது கூட இருந்து, ரேஸ் கொடுத்து 2,500க்குக் கொண்டுபோனா குறையுதா? எங்கேயோ ரப்பர் ஹோஸ் வெடிச்சுக் காத்து இழுக்குது. நிக்கும்போது ஒழுங்கா இருந்து, கினிகத்தேனை ஏத்தத்தில் கூடிக்கிட்டே போகுதா? பெட்ரோல் ஃபில்டர், பம்ப், இல்லாட்டி அழுக்குப் பிடிச்ச ஏயார்ஃப்ளோ சென்சர். (எண்ணைப் பக்கத்து சீட்டில் இருக்கிறவர் பார்க்கட்டும், ஓட்டுறவர் ரோட்டைப் பார்க்கட்டும்.) வெடிச்ச ஹோஸுக்கும் புதுச் சென்சருக்கும் இடையில் இருக்கிற விலை வித்தியாசத்திலேயே ஸ்கேனர் காசு வந்துடும்.

ஹைபிரிட் வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பி 0ஏ80 என்றால் ஹைபிரிட் பட்டரி பலவீனம். பிரியஸ், அக்குவா எல்லாவற்றிலும் பலரைப் பயமுறுத்துற கோட் இதுதான். டாக்டர் பிரியஸ் மாதிரி ஆப்பில் ஒவ்வொரு பிளொக்கின் வோல்டேஜையும் பார்த்து, எது மட்டும் விழுந்திருக்கு என்று தெரிஞ்சுக்கலாம். பட்டரி குளிர வைக்கிற காத்தாடியில் தூசு அடைச்சிருக்கா என்றும் பார்க்கலாம். அதோட நிறுத்திக்குங்க. பிரியஸ் பட்டரியில் 200 வோல்ட்டுக்கு மேல, அக்குவாவில் 144 வோல்ட். ஒரேஞ் நிற வயரைத் தொடுறது பயிற்சி எடுத்தவங்க வேலை.

ஸ்கேனர் காசு மிச்சம் பிடிக்கிற இன்னொரு இடம், செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போறப்போ. எஞ்சின் லைட் எரியிற காரை விக்கிறவர் முதல் நாள் கோடை அழிச்சு வச்சிருக்கலாம். லைட் எரியாது, ஆனா தடயம் இருக்கும். கோடை அழிச்சதும் 'ரெடினஸ் மொனிட்டர்' எனப்படும் உள்பரிசோதனைகள் எல்லாம் பூச்சியத்துக்குப் போயிரும். சில நாள் ஓடினாத்தான் திரும்ப முழுமையாகும். எல்லாமே 'நொட் ரெடி' என்று காட்டினா, "அண்ணே, பட்டரி ஏதும் கழட்டினீங்களா?" என்று மரியாதையாக் கேளுங்க. பட்டரி கழட்டினாலும் அப்படித்தான் காட்டும். பதிலில் தடுமாற்றம் தெரிஞ்சா, அட்வான்ஸ் கொடுக்காதீங்க. லட்சக்கணக்கில் கடன் எடுக்கப் போறோம், அஞ்சு நிமிஷம் பார்க்கிறதில் தப்பில்ல.

"முப்பது வருஷம் காதாலேயே எஞ்சின் பார்க்கிற பாஸுக்கு முன்னாடி இந்தக் கட்டை எம்மாத்திரம்?" என்று கேக்கிறவங்க இருக்காங்க. நியாயமான கேள்வி. தேய்ஞ்ச பெயாரிங், உடைஞ்ச எஞ்சின் மவுண்ட், கிளச் வழுக்குறது, இதையெல்லாம் மலிவான எந்த ஸ்கேனரும் சொல்லாது. அனுபவம் உள்ள பாஸுக்குப் பதிலா இதை நான் வைக்கல. அவரோட பேசுறதுக்கு வைக்கிறேன். நம்மில் பலபேர் கராஜில் சிங்களத்தில் பேசி, ஆங்கிலத்தில் எழுதின பில்லை வாங்கிட்டு, வீட்டில் அதைத் தமிழில் விளக்கப் பார்க்கிறவங்க. மூணு மொழியிலும் மாறாம இருக்கிறது அந்த நாலு இலக்கம்தான். "பி 0171 வருது, ட்ரிம் நிக்கும்போது 20, ரேஸ் கொடுத்தா இறங்குது" என்று சொன்னா, நல்ல பாஸ் நேரா ஹோஸைத் தேடுவார், அவருக்கும் நேரம் மிச்சம். நல்ல பாஸ் அல்லாதவருக்கும், இவன் கொஞ்சம் தெரிஞ்சவன் என்று புரியும். ரெண்டுமே நமக்கு நல்லதுதான்.

கடைசியா, இதை ஆளுக்கொண்ணு வாங்க வேண்டாம். வருஷத்தில் நாலு தடவை தேவைப்படுற சாமான். ஒரு டிவிஷனில் நாலு அஞ்சு பேர், இல்லாட்டி விளையாட்டுக் கழகம் சேர்ந்து கொஞ்சம் நல்லதா ஒரு ரீடரும் ஒரு மல்டிமீட்டரும் வாங்கலாம். கூடவே ஒரு கொப்பி: எந்த வாகனம், என்ன கோட், கடைசியில் உண்மையான பழுது என்ன, எவ்வளவு முடிஞ்சது. தமிழில் எழுதுங்க. ரெண்டு வருஷத்தில் அந்தக் கொப்பி கருவியை விடப் பெறுமதியாகும். ஏன்னா நம்ம மேடு பள்ளத்தில், நம்ம மழையில், நம்ம பழைய கார்களுக்கு என்ன ஆகுது என்பதை எந்த ஆப்பும் எழுதி வைக்கல. பார்த்து முடிச்சதும் கட்டையைக் கழட்டிடுங்க. சாவியை எடுத்தாலும் அந்தச் சொக்கெட்டுக்குப் பட்டரியில் இருந்து கரண்ட் வந்துக்கிட்டேதான் இருக்கும்.